ஜான் பால்: பிறப்பால் அடிமை எவருமில்லை என்ற பாதிரியார்

உழுபவரையும் நிலத்தின் ஒரு பகுதியாகவே கணக்கு வைத்த காலம் இங்கிலாந்தில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கிராமங்களில் ஏராளமானோர் பண்ணையடிமைகள். நிலப்பிரபுவின் வயலில் வாரத்தில் சில நாள் கூலியின்றி உழைக்க வேண்டும். அவர் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது. மகளுக்குத் திருமணம் என்றால் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவின் தொழுவத்துக்குப் போய்விடும். தந்தை அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. இது கடவுள் வகுத்ததல்ல, மனிதர் செய்த அநீதி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் ஜான் பால்.

அவர் எந்த ஆண்டு பிறந்தார் என்பதற்குப் பதிவில்லை. யார்க் நகரிலும் பின்னர் கோல்செஸ்டரிலும் பாதிரியாராக இருந்தார். திருப்பலி முடிந்து வெளியே வரும் மக்களிடம் தேவாலய முற்றத்திலேயே பேசுவார். முதல் மனிதர்கள் படைக்கப்பட்டபோது பிரபுவும் இல்லை, பண்ணையடிமையும் இல்லை என்பதே அவர் பேச்சின் சாரம். பேராயர்கள் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். அவர் பேச்சைக் கேட்கக் கூடாதென மக்களுக்கும் தடை விதித்தார்கள். பலமுறை சிறை வைத்தார்கள். வெளியே வந்ததும் மீண்டும் பேசினார்.

அவர் பேச்சுக்கு மக்கள் காது கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1348-49இல் பரவிய கொள்ளைநோயில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் மாண்டனர். ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. உடனே 1351இல் ஒரு சட்டம் வந்தது. நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்பதும் வாங்குவதும் குற்றமானது. அடுத்து, பிரான்சுடன் நடந்த போர்ச் செலவுக்குத் தலைவரி வந்தது. 1377இல் தலைக்கு 4 பென்னி. 1380இல் அதுவே 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 பென்னி ஆனது.

1381 மே மாத இறுதியில் எஸ்ஸெக்ஸ் பகுதி மக்கள் வரி விசாரணைக்கு வந்தவர்களை விரட்டினர். கென்ட் பகுதியும் எழுந்தது. அப்போது ஜான் பால் சிறையில் இருந்தார். அடைத்தவர் பேராயர் சைமன் சட்பரி. அரசரின் முதன்மை அமைச்சரும் அவரே. மக்கள் சிறையைத் திறந்து ஜான் பாலை மீட்டனர். லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத் மேட்டில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் அவர் பேசினார். போராட்டத்தை நடத்திச் சென்றவர் வாட் டைலர்.

போன இடமெல்லாம் மக்கள் தேடி எரித்தவை பண்ணைப் பதிவேடுகள். யார் யார் அடிமை என்று எழுதியிருந்தது அவற்றில்தான். ஜூன் 14 அன்று மைல் எண்டில் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் மக்களைச் சந்தித்தார். பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று சாசனங்கள் எழுதிக் கொடுத்தார். பலர் அதை நம்பி ஊர் திரும்பினர். அதே நாளில் லண்டன் கோட்டைக்குள் புகுந்த கூட்டம் சட்பரியின் தலையை வெட்டியது. மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அரசரோடு பேச வந்த வாட் டைலர் கொல்லப்பட்டார். கூட்டம் கலைந்தது. ஜூலை 2 அன்று அரசர் தாம் கொடுத்த சாசனங்களைத் தாமே ரத்து செய்தார்.

ஜான் பால் கோவென்ட்ரியில் பிடிபட்டார். செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டார். அந்த ஊரின் கதையும் நமக்குத் தெரிய வேண்டும். மக்கள் தங்கள் தானியத்தை மடாலயத்தின் ஆலையில் கட்டணம் கொடுத்தே அரைக்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டுத் திருகைகளை மடாலயத் தலைவர் பறித்து, தம் வரவேற்பறையில் தளக்கற்களாகப் பதித்துவிட்டார். 1381இல் மக்கள் அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, வீட்டுக்கொரு துண்டாக எடுத்துச் சென்றனர். அதே ஊரில், ஜூலை 15 அன்று, ஜான் பாலைத் தூக்கிலிட்டு, உடலை நான்காக வெட்டி, நான்கு நகரங்களுக்கு அனுப்பினார்கள்.

ஆனாலும் அப்படிப்பட்ட தலைவரியை மக்கள் மீது சுமத்த அரசு நெடுங்காலம் துணியவில்லை. உழைப்பாளருக்கு இருந்த தேவையாலும் மக்களின் விடாத எதிர்ப்பாலும் பண்ணையடிமை முறை அடுத்த நூற்றாண்டில் மெல்லத் தேய்ந்தது.

ஜான் பாலின் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் அவரை வெறுத்த துறவிகளும் அரண்மனையை அண்டியவர்களுமே. அவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று காட்டவே அவர் சொன்னதை எழுதினார்கள். அதனால்தான் அவர் சொன்னது 640 ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.