திண்டிவனத்தில் படித்த முனுசாமி

சிதம்பரம் நந்தனார் பள்ளியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் நம்ம திண்டிவனத்தில் படித்தவராம். எனக்கு ஒரே ஆச்சரியம்!

1890-இல் ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. அந்தக் காலத்தில் சேரிப் பிள்ளைகளைப் பல பள்ளிகள் சேர்க்காது. திண்டிவனம் மிஷன் பள்ளி சேர்த்துக்கொண்டது. நன்றாகப் படித்தார். ஆனால் மதம் மாற மறுத்ததால் படிப்பு பாதியில் நின்றது. அங்கே சாதி தடுத்தது, இங்கே மதம். பையன் எங்கேதான் போவான், சொல்லுங்க?

பெற்றோருடன் கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளுக்குச் சீடரானார். 1910-இல் சிதம்பரம் வந்தார். நந்தனார் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்ற ஊராச்சே அது! அங்கேயே 1916-இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் அமைத்து, 25 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1959 மே 1-இல் காலமானார்.

இதை எழுதி முடித்துவிட்டு மதியம் சாப்பிடப் போனேன். மரத்தடியில் ஊர்ப் பசங்க ஒரு வட்டம், காலனிப் பசங்க ஒரு வட்டம். நான் எப்பவும் உட்கார்ற வட்டத்திலதான் அன்னைக்கும் உட்கார்ந்தேன்.