நாவலர் பெருமான் தொடங்கிய தொழில்கள்

புதிதாகத் தொழில் தொடங்கும் வாலிபர் ஒன்றைப் பற்றி நிற்பதா, பலவற்றிலும் கைவைப்பதா என்னும் கேள்வி நம் சங்கத்தவரிடையே அடிக்கடி எழுகின்றது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் சரித்திரத்தை இந்நோக்கில் ஒருமுறை பார்க்க விழைகின்றோம். அவர் வணிகர் அல்லர். ஆயினும் சம்பள உத்தியோகத்தை விட்டுப் பெருங்காரியம் தொடங்கியவர்.

1822 ஆம் ஆண்டு நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியரானார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணையாயிருந்தார். 1847 டிசெம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். உத்தியோகத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார்.

பள்ளி இருந்தது, சைவப் பிள்ளைகளுக்கேற்ற அச்சுப் புத்தகம் இல்லை. மிஷனரிமாருக்கோ மானிப்பாயிலே அச்சுக்கூடம் இருந்தது. ஏட்டுச்சுவடியை நம்பி எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது? ஆகவே 1849 இல் கடல் கடந்து சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கினார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பாலபாடங்களும் 1852 இல் பெரியபுராண வசனமும் அச்சேறின.

இதனை இரண்டாந் தொழில் என்று நாம் எண்ணவில்லை. பள்ளி கேட்டதை அச்சுக்கூடம் கொடுத்தது. அச்சிட்ட நூலுக்குப் பள்ளியே முதல் வாசகரைத் தந்தது. 1864 இல் சிதம்பரத்திலே தொடங்கிய வித்தியாசாலையும் அதே வழியிற் சென்றதே. ஆனால் இரு கரைக்கும் ஒரே மனிதர் ஓடித் திரிய வேண்டியதாயிற்று. இல்லறம் புகாதவராதலால் அவரால் அது இயன்றது போலும்!

1872 இல் வண்ணார்பண்ணையிலே ஆங்கிலப் பாடசாலை ஒன்றும் தொடங்கினார். தேவை மெய்யானதே, பிள்ளைகள் ஆங்கிலத்துக்காகவே மிஷன் பள்ளிகளை நாடினர். எனினும் பொருள் போதாமையால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அச்சுக்கூடத்தைப் போல இது தன் செலவைத் தானே தேடக்கூடிய முயற்சி அன்று. அதனை அவர் தொடங்கியது பிழையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தாங்குவதற்கு ஒரு சபையைக் கூட்டிய பின் தொடங்கியிருக்கலாம் என்றே தோன்றுகின்றது.

அதன்பின் பஞ்சம் வந்தது. 1877 இல் அவர் முன்னின்று ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879 டிசெம்பரிற் சிவபதமடைந்தார்.

சைவபரிபாலன சபை 1888 இல் அமைந்தது. அச்சபையின் பொறுப்பில் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. வண்ணார்பண்ணைச் சைவப் பிள்ளைகள் அங்கே ஆங்கிலம் படித்தார்கள்.