தத்தபுத்திரராய் வந்த தஞ்சை வேந்தர்

ஒரு குலத்தின் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தந்தை பெயரையும் மைந்தன் பெயரையும் வரிசையாக அடுக்கி, அவ்வளவில் தம் கடமை முடிந்ததெனக் கொள்வர். வமிசாவளி வேண்டுவதே. ஆயினும், அவ்வரிசையில் ஓரிடத்தே கண்ணி நெகிழ்ந்து, அடுத்தவர் யாவர் என்னும் வினா எழுங்காலத்தேதான் அக்குலத்தின் உள்ளியல்பு வெளிப்படும். சொத்துடைய குடும்பங்களில் இவ்வினா நியாயஸ்தலத்துக்கு ஏறுகின்றது. அரச குடும்பங்களிலோ நாட்டின் விதியையே மாற்றிவிடுகின்றது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் சரிதம் இதனை நன்கு விளக்குவதாகும். ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்து பயன்கொள்ளும் பொருட்டு அதனை ஈண்டுச் சுருக்கி வரையலானோம்.

போன்ஸலே குலத்து ஷாஜியின் மக்களுள் ஜீஜாபாயின் வயிற்றில் உதித்தவர் சத்திரபதி சிவாஜி. துக்காபாயின் வயிற்றில் உதித்தவர் ஏகோஜி. பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராய்த் தென்னாடு போந்த ஏகோஜி, நாயக்க மரபினர்க்குள் மூண்ட பூசலிடையே புகுந்து, 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையைத் தமதாக்கிக்கொண்டார். அவருக்குப்பின் அவர்தம் மைந்தர் மூவர், பாட்டனார் பெயர் பூண்ட ஷாஜி, முதலாம் சரபோஜி, துக்கோஜி என்போர், ஒருவர்பின் ஒருவராய் ஆண்டனர். 1736ஆம் ஆண்டில் துக்கோஜி மறைந்ததும், மூன்றாண்டுக்குள் மூவர் அரியணை ஏறி இறங்கினர். அவருள் ஒருவர் கைம்பெண்ணாகிய அரசி சுஜான்பாய். 1739ஆம் ஆண்டில் பிரதாபசிங்கர் பட்டமெய்திய பின்னரே குழப்பம் தணிந்தது. அவர்க்குப்பின் 1763ஆம் ஆண்டில் மைந்தர் துளஜாஜி அரசரானார். 1773ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைப் பற்றிக்கொள்ள, 1776ஆம் ஆண்டில் கும்பினியார் அதனை மீட்டு மீண்டும் துளஜாஜியிடம் ஒப்புவித்தனர். அன்று தொட்டு, தஞ்சைச் சிங்காதனத்தின் ஒரு கால் கும்பினியாரின் கையில் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

துளஜாஜியின் மக்கள் அவருக்கு முன்னரே மாய்ந்தனர். நோயும் துயரமும் வாட்ட, தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த மன்னர், தம் குலத்துத் தாயாதிக் கிளையொன்றில் 1777ஆம் ஆண்டில் பிறந்த சிறுவனொருவனை 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாத்திரமுறைப்படி சுவீகாரம் கொண்டு, சரபோஜி எனப் பெயரிட்டனர். பத்து வயது நிரம்பாத அப்பிள்ளையின் கையைப் பற்றி, தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் என்பாரிடம் ஒப்புவித்துக் காவல் ஏற்குமாறு வேண்டினர். சமயத் தொண்டு பூண்ட தமக்கு அரசியற் பொறுப்புத் தகாதென எண்ணிய பாதிரியார், மன்னரின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியாராகிய அமரசிங்கரைக் காவலராக நியமிக்கும்படி யோசனை கூறினர். அதனால் விளைந்த தீங்கை அவர் அப்போது அறிந்திலர்.

துளஜாஜி அவ்வாண்டிலேயே காலஞ்சென்றார். காவலர் அமரசிங்கர் அரசுரிமையே தமதெனக் கோரினர். சென்னைக் கவர்னராயிருந்த சர் ஆர்ச்சிபால்டு காம்பெல் துரை தஞ்சை போந்து, பண்டிதர் பன்னிருவரைக் கூட்டி, இச்சுவீகாரம் செல்லுமா என வினவினர். பிள்ளை தன் தந்தைக்கு ஏகபுத்திரன். அவனுக்கு வயது கடந்துவிட்டது. கொண்டவரோ நோயால் அறிவு தெளியாதவர். இம்மூன்று காரணங்களாலும் செல்லாதென அவர்கள் தீர்ப்புரைத்தனர். அமரசிங்கர் அரசரானார். அப்பண்டிதர்கள் பொருளுக்கு வயப்பட்டனர் என்ற பேச்சும் பின்னர் எழுந்தது.

அதன்பின் சிறுவன் சரபோஜி பட்ட துன்பம் பெரிது. ஒளி புகாத அறையில் அடைபட்டு, கல்வி கற்பிப்பாரின்றி அவன் வளர்வதைக் கண்ட சுவார்ட்ஸ், தம் யோசனையின் விளைவை நினைந்து வருந்தி, கும்பினி அதிகாரிகளுக்கு இடைவிடாது எழுதினர். அதன் பயனாக 1793ஆம் ஆண்டில் சரபோஜியும் துளஜாஜியின் தேவியரும் சென்னைப்பட்டணத்துக்கு அழைத்து வரப்பெற்றனர். வேப்பேரியிலிருந்த கெரிக்கே பாதிரியாரிடம் சரபோஜி ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். அரசிழந்து வந்தவர்க்கு இந்நகரம் கல்வியை அளித்தது. பிற்காலத்தில் அவரை உலகம் மதித்ததற்கு அக்கல்வியே காரணமாயிற்று.

இதற்கிடையே வழக்கு மறுபடியும் ஆராயப்பட்டது. இம்முறை வங்காளத்திலும் காசியிலும் உள்ள பண்டிதர்களைக் கேட்டனர். சுவீகாரம் செல்லும் என அவர்கள் கூறினர். அமரசிங்கரின் தாய் முறைப்படி மணம் செய்யப்பெற்ற தேவியல்லர் என்னும் வாதமும் எதிர்ப்பக்கத்தாரால் எடுத்துரைக்கப்பட்டது. சாத்திரம் ஒன்றே, ஏடும் அதுவே. தஞ்சையில் ஒரு பொருளும் காசியில் ஒரு பொருளும் அதற்கு உண்டாயின. கேட்பவர் எவ்விடை வேண்டிக் கேட்கின்றார் என்பதும் தீர்ப்பின் ஒரு பகுதியாகிவிடுகின்றது என்பதை இங்கே நாம் கருத்திருத்த வேண்டும். 1798ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி பட்டங்கட்டப் பெற்றார். அந்நாளைக் காணச் சுவார்ட்ஸ் உயிரோடில்லை. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்திலேயே அவர் உயிர் நீத்தார். அமரசிங்கர் திருவிடைமருதூரில் ஒதுங்கி வாழ்ந்து, 1802ஆம் ஆண்டில் மறைந்தார்.

பட்டம் கிடைத்தது, ஆனால் நாடு நிலைத்ததா எனின், இல்லை. 1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25ஆம் நாள் எழுதப்பெற்ற உடன்படிக்கையால் சோழவளநாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது. மன்னர்க்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையின் மேல் அதிகாரமும், ஆண்டுக்கு ஒரு லக்ஷம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே. இருவர் ஒரு சிங்காதனத்துக்கு வழக்காடுங்கால், தீர்ப்பளிக்க வந்த மூன்றாமவர் நிலத்தையே எடுத்துக்கொண்டார். தாயப் பூசல் மிகுந்த இல்லங்கள் எல்லாவற்றுக்கும் இஃதோர் எச்சரிக்கையாகும்.

இந்நிலையில் வேறொருவராயின் கிடைத்த பொருளைக் கேளிக்கையில் அழித்து வாழ்நாளைக் கழித்திருப்பர். சரபோஜி அங்ஙனம் செய்திலர். தம் பிறப்புரிமை ஐயுறப்பட்டமையை அவர் மறந்தாருமல்லர். 1803ஆம் ஆண்டில், போன்ஸலே குலத்தின் வரலாற்றை அதன் மூலபுருஷர் தொடங்கித் தம் காலம் வரை மராட்டி மொழியில் எழுதுவித்து, தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் தென்மேற்கே திருச்சுற்றுச் சுவரில் கல்லில் பொறிக்கச் செய்தார். அதனை எழுதியவர் பாபுராயர் என்பார். நம் நாட்டுக் கல்வெட்டுக்களுள் மிக நீண்டவற்றுள் ஒன்றாகிய அதனைக் காணும்போது, ஐயத்துக்கிடமான ஓருரிமையை அழியாச் சுவரில் நிலைநாட்ட முயன்ற ஓர் உள்ளத்தின் தவிப்பு நமக்குப் புலனாகின்றது. ராஜராஜ சோழன் எழுப்பிய கோயிலின் சுவரில் தம் குலமுறையைப் பொறித்ததால், சோழர் வழியில் தாமும் இந்நாட்டுக்கு உரியரென்பதையும் அவர் அறிவித்தாராயினர்.

எனினும், கல்லெழுத்தினும் பெரிதாகிய ஒரு செயலை அவர் செய்தார். நாயக்கர் காலந்தொட்டு இருந்துவந்த அரண்மனைச் சுவடிச்சாலையை அவர் சரஸ்வதி மகாலாக வளர்த்தனர். 1820ஆம் ஆண்டு பெரும் பரிவாரத்தோடு காசியாத்திரை புறப்பட்டவர், சென்ற இடங்களிலெல்லாம் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். ஐரோப்பிய மொழி நூல்கள் 4,000க்கு மேற்பட்டவற்றை வருவித்து, பலவற்றில் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கையொப்பமிட்டனர். இந்நூலகத்தில் இன்று 40,000க்கு மேற்பட்ட சுவடிகள் உள்ளன. அரண்மனையில் தேவநாகரி எழுத்தில் நூல் அச்சிடும் கூடமொன்றும் அவர் நிறுவினர்.

தன்வந்தரி மகால் என்னும் வைத்தியசாலையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய முறை ஆகியவற்றில் வல்லாரை ஒருங்குகூட்டி மருந்துகளை ஆராய்வித்தார். அவ்வாராய்ச்சியின் பயன் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் தமிழில் நமக்கு எய்தியுள்ளது. கண்ணோயாளரின் கண்களைப் படமெழுதி, செய்த சிகிச்சையையும் உடன் குறித்துவைத்த ஏடுகள் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் அவர் அமைத்த சத்திரத்தில் வழிப்போக்கர் உணவு பெற்றனர். பிள்ளைகள் கல்வி பெற்றனர். மராட்டி தாய்மொழியாயினும் தமிழை அவர் புறக்கணித்திலர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர் அவையில் சிறப்புப் பெற்றுச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இயற்றினர். சுவார்ட்ஸின் மாணாக்கராகிய வேதநாயக சாஸ்திரியாரையும் அவர் ஆதரித்தார். தம் சைவ ஒழுக்கத்தை விடாதவரே, தம்மைக் காத்த பாதிரியாரின் நினைவாக, பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கிறிஸ்துவ ஆலயத்தில் வைத்தனர். செய்ந்நன்றியறிதல் சமயவேலி தாண்டியும் நிற்கும் என்பதற்கு அச்சிற்பமே சான்று.

அவரிடம் குறையே இல்லையோ எனின், உண்டு. நெப்போலியன் வீழ்ச்சியையும் ஆங்கிலப் படையின் வெற்றிகளையும் கொண்டாடி, சாளுவநாயக்கன்பட்டினத்துக் கடற்கரையில் 1814ஆம் ஆண்டு மனோரா என்னும் உயர்ந்த மாளிகையை அவர் எடுப்பித்தார். தம் நாட்டைக் கொண்டவரின் வெற்றிக்கே தூண் நிறுத்த நேர்ந்த மன்னரின் நிலை இரங்கத்தக்கது. பிறர் தயவால் பெற்ற பட்டத்தைப் பிறர் மனங்கோணாது காக்கவேண்டியிருந்தது போலும்.

1832ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7ஆம் நாள் சரபோஜி விண்ணெய்தினர். மைந்தர் சிவாஜி பட்டம் பெற்றார். பலரை மணந்தும் ஆண்மகவு இல்லாதவராய், 1855ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29ஆம் நாள் அவரும் மறைந்தார். சாதாரா 1848ஆம் ஆண்டிலும், ஜான்சியும் நாகபுரியும் 1854ஆம் ஆண்டிலும் வாரிசின்மை கூறிப் பறிக்கப்பட்ட காலம் அது. பெண்மக்கள் இருவர் இருந்தும், தஞ்சை அரசு ஒழிந்ததெனக் கும்பினியார் அறிவித்தனர். 1787ஆம் ஆண்டிலும் அதன்பின்னும் பண்டிதரையேனும் கேட்டனர், இப்போது கேட்பாரேயில்லை. அரசின் உடைமையோடு, குடும்பத்தின் சொந்த உடைமையும் பற்றப்பட்டது. மூத்த தேவியார் காமாட்சிபாய் சென்னைச் சுப்ரீம்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து வென்றனர். ஆயினும், அரசியற் செயலை நியாயஸ்தலம் விசாரித்தல் இயலாதென 1859ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கவுன்ஸிலார் அத்தீர்ப்பை மாற்றினர். பின்னர், 1862ஆம் ஆண்டில் சொந்த உடைமைகள் கருணையின்பேரில் திருப்பியளிக்கப்பட்டன.

சரபோஜிக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணங்கள் பிற்காலத்தில் என்னாயின எனவும் அறிதல் நன்று. ஏகபுத்திரனைச் சுவீகாரம் கொள்ளலாம் என 1899ஆம் ஆண்டில், நம் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், பிரிவி கவுன்ஸிலார் தீர்ப்பளித்தனர். 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையைக் கொள்ள இடந்தருவதோடு, பெண்பிள்ளையைச் சுவீகாரம் கொள்ளவும் வழி செய்தது. பத்து வயதுப் பாலகனை இருட்டறையில் வைத்த அவ்வாதங்கள், நூற்றெழுபது ஆண்டுக்குள் பொருளற்றுப் போயின.

ஆகவே, குலம் நிற்பது எதனால் என ஆராய்வோமாயின், ஏகோஜி வாளால் கொண்ட நாடு போயிற்று. பண்டிதர் சொல்லால் கிடைத்த பட்டமும் இரு தலைமுறையில் போயிற்று. தத்தபுத்திரரென இகழப்பட்டவர் தேடி வைத்த ஏடுகளோ நின்றன. அரச குடும்பத்தார் அந்நூலகத்தை 1918ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு உரியதாக்கினர். தமக்கென வைத்திருந்தால் பங்காளிகளிடையே சிதறியிருக்கக்கூடிய அச்செல்வம், யாவர்க்கும் உரியதானமையால் சிதையாமல் தழைக்கின்றது. அதனைப் பயன்கொள்ளும் ஒவ்வொரு மாணவனும் சரபோஜியின் வழித்தோன்றலே எனல் மிகையாகாது.

மயிலையிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் வதியும் நம் அன்பர்கள் தஞ்சைக்குத் தலயாத்திரை செல்லுங்கால், பெருவுடையாரை வணங்கியபின் தென்மேற்குச் சுவரையும், அப்பால் சரஸ்வதி மகாலையும் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. தத்தம் இல்லத்து வமிசாவளியை எழுதிவைப்பாராக. அதில் பெண்மக்கள் பெயரையும், சுவீகாரமாய் வந்தோர் பெயரையும் வேற்றுமையின்றிச் சேர்ப்பாராக. பரணிலே பழைய ஏடு கிடந்தால், கரையானுக்கு இரையாக விடாது, 1886ஆம் ஆண்டு முதல் அடையாற்றில் விளங்கும் நூலகத்துக்கோ, பெசன்ட்நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்கோ அளிப்பாராக. முன்னோர் நமக்கு வைத்ததை எண்ணி மகிழ்வதோடு அமையாது, பின்னோர்க்கு நாம் வைப்பது யாதென எண்ணுதலே குலப்பெருமையாகும்.