ஆறே கரை மாறியதா? இரட்டைப் புலவர்கள் கதை ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குச் சொல்லும் பாடம்

ஸ்கேன் எடுப்பது ஒரு ஊர். அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் இருப்பது வேறு ஊர். டெலிரேடியாலஜி எனப்படும் இந்த முறை இப்போது சகஜம். நேரில் இல்லாதவர் சொல்வது சரியா இருக்குமா? இதை யோசிக்க விழுப்புரம் அருகே திருவாமாத்தூரில் ஒரு பழைய கதை இருக்கு.

யார் இந்த இரட்டைப் புலவர்கள்?

முதுசூரியர், இளஞ்சூரியர். அத்தை மகன், மாமன் மகன் உறவு. 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒருவருக்குப் பார்வை இல்லை, இன்னொருவரால் நடக்க முடியாது. பார்வையற்றவர் தோளில் சுமக்க, மேலே இருப்பவர் வழி சொல்ல, ஊர் ஊரா போனாங்க. பாட்டும் அப்படித்தான்: வெண்பாவின் முதல் பாதி ஒருவர், மறுபாதி மற்றவர். காஞ்சிபுரத்துக்கு ஏகாம்பரநாதர் உலா, சிதம்பரத்துக்கு தில்லைக் கலம்பகம் பாடியவர்கள் இவர்கள்தான்.

திருவாமாத்தூரில் என்ன நடந்தது?

இந்த ஊர் அபிராமேசுவரர் மீது கலம்பகம் பாடினாங்க. அதில் கோயில் பம்பை ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதாக வந்துவிட்டது. உண்மையில் இருந்ததோ கிழக்குக் கரை. ஊரார் தப்பைச் சுட்டிக்காட்டினாங்க. அன்று இரவே வெள்ளம் வந்து ஆறு திசை மாறி, பாட்டு உண்மையாகிவிட்டது என்பது ஐதீகம்.

ஸ்கேனுக்கு என்ன பாடம்?

ரிப்போர்ட்டிலும் இடது, வலது மாறிப்போகும் தவறு உண்டு. பக்கத்து அறையில் இருந்து எழுதினாலும் அது நடக்கலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. படம் முழு டிஜிட்டல் ஃபைலாகப் போய், சரியான திரையில் திறந்தால் சென்னையிலும் அதே படம்தான். ஃபிலிமை செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நுணுக்கங்கள் போய்விடும். அல்ட்ராசவுண்ட் வேறு கதை: கருவியை நகர்த்தும் கையே பாதி கண்.

தூரத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்காதது நோயாளியின் கதை: எங்கே வலி, எத்தனை நாளா, முன்பு ஆபரேஷன் நடந்ததா, பழைய ஸ்கேன் என்ன சொன்னது. இதை எழுதி அனுப்பணும். சந்தேகம் வந்தால் இரண்டு டாக்டர்களும் போனில் பேசணும். தோளில் இருப்பவரும் சுமப்பவரும் பேசிக்கொண்டால்தானே வழி தெரியும்?

புலவர்களுக்காக ஆறு மாறியிருக்கலாம். ரிப்போர்ட்டுக்காக உடம்பு மாறாது. எனவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெயர், தேதி, எந்தப் பக்கம் என்பதைப் பாருங்க. பொருந்தவில்லை என்றால், அந்த ஊரார் மாதிரி உடனே கேளுங்க.