ஒற்றை வீட்டுத் தீவு

உலகம் சுற்றிய பேரறிஞர் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 703, அதாவது கி.பி. 1304இல் மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில், காஜிகள் பலரைத் தந்த குடும்பத்தில் பிறந்தார்கள். 1325இல், 21ஆம் வயதில், பெற்றோரைப் பிரிந்து தன்னந்தனியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ஹஜ்ஜோடு அப்பயணம் முடியவில்லை. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவர்களைக் காஜியாக அமர்த்தினார். பின்னர் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் புயலடித்துக் கப்பல்கள் சிதைந்தன. தூதுப் பணி தடைப்பட்டது.

1343இல் அவர்கள் மாலத் தீவை அடைந்தார்கள். அப்போது கதீஜா என்னும் அரசியார் அங்கு ஆட்சி புரிந்தார். மக்கள் அனைவரும் முஸ்லிம்கள், தூய்மை பேணுவோர், சண்டை சச்சரவு அறியாதோர். மீனும் தேங்காயும் அவர்களது உணவு. மாசியும் தேங்காய்நார்க் கயிறும் சோழியும் அவர்களது வாணிபம்.

அரசு அவர்களைக் காஜியாக்கியது. ஜும்ஆவுக்கு வராதோரைத் தண்டித்தார்கள். விவாகரத்துக்குப் பின்னும் முன்னாள் கணவர் வீட்டிலேயே பெண்கள் தங்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். பெருங்குடும்பங்களில் மணமுடித்தார்கள். செல்வாக்கு வளர வளர, அமைச்சருடன் பிணக்கும் வளர்ந்தது. முடிவில் பதவியைத் துறந்து தலைநகரை நீங்கினார்கள்.

வழியில் ஒரு சிறு தீவு. அதில் இருந்தது ஒரே வீடு. மனைவி மக்களுடன் ஒரு நெசவாளி அங்கு வாழ்ந்தார். சில தென்னைகள், சில வாழைகள், மீன் பிடிக்க ஒரு சிறு படகு ஆகியவையே அவருடைய உடைமை. மன்னர்களின் பரிசில்களைப் பெற்ற இப்னு பதூதா அவர்கள் அம்மனிதர் மீது பொறாமை கொண்டார்கள்! அத்தீவு தமக்குரியதாயின், மவ்த்து வரும்வரை அங்கேயே ஒதுங்கியிருப்பேனே என்று ஏங்கினார்கள்.

ஆயினும் தங்கவில்லை. 1344இல் இலங்கைக்கும், பின் நம் மதுரைக்கும், வங்கத்துக்கும், சீனத்துக்கும் சென்றார்கள். 1349இல் தாயகம் திரும்பியபோது, தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார். தாயாரும் சில மாதங்களுக்கு முன் கொள்ளை நோயில் மவ்த்தாகியிருந்தார். 1355இல் அவர்களது பயண நூல் நிறைவுற்றது. அதில் அரசர்களின் வரிசையில் அந்த நெசவாளிக்கும் ஓர் இடம் கிடைத்தது.

ஹஜ்ஜுக்காகவும் கல்விக்காகவும் ஊரைத் துறப்பது சிறப்புடையதே. அதனால் உலகம் ஓர் அரிய நூலைப் பெற்றது. ஆனால் உலகையே கண்ட கண்கள் ஏங்கியது ஹலாலான உழைப்பையும், அருகிலிருக்கும் குடும்பத்தையும், போதுமென்ற மனத்தையுமே. பொருள் தேடி ஊர் துறந்து, பெற்றோரின் ஜனாஸாவிலும் கலந்துகொள்ள இயலாதுபோகும் நம் மக்கள் எத்தனை பேர்! அவர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

கனாஅத் என்னும் அச்செல்வத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.