படித்த இலங்கையரின் முதற் பிரதிநிதி: சேர் பொன்னம்பலம் இராமநாதன்

நம்மிற் பலர் பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்களிக்கும் உரிமை பெறுகின்றோம். அவ்வுரிமை நம் முன்னோருக்கு எளிதிற் கிடைத்ததன்று. இலங்கைச் சட்டநிரூபண சபைக்கு இலங்கையர் ஒருவரைத் தேர்ந்தனுப்பும் வாய்ப்பு முதன்முதலாக வந்தபோது, தீவு முழுவதற்கும் ஒரே தொகுதிதான் இருந்தது. படித்த இலங்கையர் தொகுதி என்பது அதன் பெயர். அதன் முதற் பிரதிநிதியாகத் தெரிவானவர் ஒரு தமிழர் என்பது நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாரின் மைந்தராக 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கொழும்பில் இராமநாதன் பிறந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவருடைய இளவல். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று வழக்கறிஞரானார். தாய்மாமனான சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் மறைந்தபோது, அவர் வகித்த தமிழ்ப் பிரதிநிதி பதவிக்குத் தேசாதிபதி இவரை நியமித்தார். பௌத்தரின் வெசாக் திருநாள் 1885இல் அரச விடுமுறையாக்கப்பட இவரும் உழைத்தார். பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றி 1906இல் ஓய்வு பெற்றார்.

1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இருபத்தொரு உறுப்பினர் கொண்ட சபையை அமைத்தது. அவருள் நால்வர் மட்டுமே தேர்தலால் வந்தவர்கள். ஐரோப்பியருக்கு இரண்டு இடம், பறங்கியருக்கு ஒன்று, படித்த இலங்கையருக்கு ஒன்று. ஏறத்தாழ நாற்பத்தொரு இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், ஆங்கிலக் கல்வியும் வசதியும் உடைய மூவாயிரம் ஆடவர் அளவிலேயே இத்தொகுதியின் வாக்காளர் இருந்தனர். பெண்களுக்கு வாக்கில்லை.

1911 டிசம்பரில் நடந்த தேர்தலில் சிங்கள மருத்துவரான மார்க்கஸ் பெர்னாண்டோவை இராமநாதன் எதிர்த்து நின்றார். இவருக்கு 1,645 வாக்குகளும் அவருக்கு 981 வாக்குகளும் கிடைத்தன. வாக்காளருட் சிங்களவரே மிகுதியாயிருந்தும் தமிழர் வென்றார். இராமநாதனின் புகழ் இதற்கு ஒரு காரணம். பெர்னாண்டோ சார்ந்த கராவ சமூகத்தவரை ஆதரிக்கக் கொவிகம சமூகத்தார் பலர் விரும்பாமையும் ஒரு காரணம். இனத்தைக் கடந்த வெற்றியிற் சாதியும் கலந்திருந்ததை நாம் மறைத்தல் ஆகாது.

1915இல் முஸ்லிம் மக்களைத் தாக்கிய பெருங் கலவரம் மூண்டது. அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்து, சேனநாயக்க சகோதரர் உள்ளிட்ட சிங்களத் தலைவர் பலரைச் சிறையிட்டது. பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை இராமநாதன் சபையில் எதிர்த்து முழங்கினார். இலண்டன் சென்று நீதி கேட்டார். கொழும்பு திரும்பிய அவரைச் சிங்களத் தலைவர்கள் வண்டியில் அமர்த்தித் தாமே இழுத்துச் சென்றனர். அதே தொகுதியில் மீண்டும் அவரே வென்றார். 1921இல் பிரதேசத் தொகுதிகள் வந்தபோது படித்த இலங்கையர் தொகுதி ஒழிந்தது.

கல்விக்கும் சமயத்திற்கும் அவர் ஆற்றிய தொண்டு நிலைத்து நிற்கிறது. மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். திருநெல்வேலியில் 1921இல் அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகமே பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாயிற்று. தந்தையார் கொழும்பிலே கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற் கோயிலாக்கினார்.

எனினும், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை முன்மொழிந்தபோது அதனை அவர் எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கண்டவரே பெண்களுக்கு வாக்கு வேண்டாமென்றார். கற்றோரே ஆளத் தக்கவர் என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. 1930 நவம்பர் 26இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்களித்தனர். 1932இல் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

மாணவச் செல்வங்களே! பெரியோரைப் போற்றுவோம், அவர்தம் குறையையும் அறிந்து போற்றுவோம். பிற இனத்தார் துன்புற்றபோது வாய்திறந்த இராமநாதனின் துணிவை நாம் கைக்கொள்வோம். அவர் சிலருக்கே உரியதென எண்ணிய வாக்கு இன்று உங்கள் கைக்கும் வரவிருக்கிறது. அதனைப் பயனறிந்து அளிப்பதே கற்றதன் பயனாகும்.