'டாக்டர் ஹூ' இசைக்கு உயிர் கொடுத்தும் 50 வருஷம் பெயர் வரவில்லை! யார் இந்த டெலியா டெர்பிஷயர்?

1963, நவம்பர் 23. சனிக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. தொடக்க இசையைக் கேட்டவர்களுக்கு ஒரே குழப்பம். வயலினா? இல்லை. கிட்டாரா? அதுவும் இல்லை. எந்த வாத்தியத்தில் இப்படி ஒரு சத்தம் வரும்?

அதை உருவாக்கியவர் 26 வயதுப் பெண். டெலியா டெர்பிஷயர். ஆனா, தொடரில் அவர் பெயர் எங்கேயும் வரவில்லை. அது திரையில் வர 50 ஆண்டுகள் ஆனது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

சைரன் சத்தத்தில் கழிந்த குழந்தைப் பருவம்

1937-ம் ஆண்டு மே 5-ம் தேதி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் டெலியா. அவருக்கு 3 வயதாக இருக்கும்போது, 1940 நவம்பரில், ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி அந்த நகரத்தையே சிதைத்தன. விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சைரனும், ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சைரனும்தான் தனக்கு முதலில் அறிமுகமான மின்னணு ஒலிகள் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

படிப்பில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிர்ட்டன் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. கணிதத்தில் சேர்ந்தவர், பிறகு இசைக்கு மாறினார். கணிதம், இசை இரண்டும் கலந்த பட்டத்தோடு 1959-ல் வெளியே வந்தார்.

"பெண்களுக்கு வேலை இல்லை"

ஒலி, இசை, ஒலியியல் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை வேண்டும் என்று வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் சொன்னார். காது கேட்கும் கருவி செய்யும் வேலைக்கோ, கடல் ஆழம் அளக்கும் வேலைக்கோ போகலாம் என்று பதில் வந்தது. சரி, இசைத்தட்டு நிறுவனத்திலாவது கேட்போம் என்று டெக்கா நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

1960-ல் பிபிசியில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே 'ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்' என்று ஒரு பிரிவு இருந்தது. நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் விநோதமான ஒலிகளைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. அந்தப் பிரிவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் டாஃப்னி ஓரம் என்ற பெண்தான். டெலியா தானாகவே கேட்டு, 1962-ல் அந்தப் பிரிவுக்குப் போனார்.

கருவி இல்லாமல் இசை வந்தது எப்படி?

'டாக்டர் ஹூ' மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர். மெட்டும் சில குறிப்புகளும் மட்டும் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டெலியாவிடம் வந்தது. உதவிக்கு டிக் மில்ஸ்.

இன்று கம்ப்யூட்டரில் ஒரு கிளிக் போதும். அன்று கடைகளில் வாங்கக்கூடிய சிந்தசைசர்கூட வரவில்லை. டெலியாவிடம் இருந்தது டேப் ரெக்கார்டர், ரேஸர் பிளேடு, ஒட்டும் டேப், பிறகு கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் ஆஸிலேட்டர்கள். அவ்வளவுதான்.

அடியில் துடிக்கும் அந்த 'பேஸ்' ஒலிக்கு, ஒரே ஒரு கம்பியைச் சுண்டிப் பதிவு செய்தார்கள். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒரே ஒலியிலிருந்து பல ஸ்வரங்களை எடுத்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் மேல் மெட்டு, ஆஸிலேட்டர் குமிழைக் கையால் திருகியதில் வந்தது.

அடுத்துதான் கணக்கு. அந்தக் கால ஸ்டூடியோ டேப்கள் பெரும்பாலும் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். அப்படியானால் அரை நொடி ஸ்வரத்துக்கு ஏழரை அங்குல டேப் வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்படி அளந்து, வெட்டி, வரிசையாக ஒட்டினார்கள். ஒவ்வொரு இசை வரிக்கும் தனித்தனி டேப். கடைசியில் எல்லா மெஷின்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றாகக் கலந்தார்கள்.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதை நான்தான் எழுதினேனா என்று கேட்டாராம். பெரும்பகுதி நீங்கள்தான் என்றாராம் டெலியா.

பெயரும் இல்லை, பணமும் இல்லை

ராயல்டியில் பாதியை டெலியாவுக்குத் தர கிரெய்னர் விரும்பினார். பிபிசி விதிகள் அதற்கு இடம் தரவில்லை. ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் தனித்தனியாகப் பெயர் பெறுவதையும் நிர்வாகம் விரும்பவில்லை. கிரெய்னர் பெயரோடு ஒர்க்‌ஷாப்பின் பெயர் மட்டும் வந்தது. டெலியாவுக்குக் கிடைத்தது மாதச் சம்பளம்தான்.

அவர் சோதனைகளை நிறுத்தவில்லை. சஹாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு, பழைய பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டிப் பதிவு செய்தார். 'டங்' என்ற முதல் சத்தத்தை வெட்டிவிட்டு, பின்னால் வரும் ரீங்காரத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினார். 1969-ல் ஒயிட் நாய்ஸ் குழுவின் 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்' ஆல்பத்திலும் பணியாற்றினார்.

1973-ல் பிபிசியை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டத்தில் ரேடியோ ஆபரேட்டராகக்கூட வேலை பார்த்தார். 1990-களில் இளம் எலக்ட்ரானிக் இசைக் கலைஞர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். மீண்டும் இசைப் பக்கம் திரும்பிய நேரத்தில், 2001 ஜூலை 3-ம் தேதி, சிறுநீரகச் செயலிழப்பால் காலமானார். வயது 64.

பரணில் கிடைத்த 267 டேப்கள்

மறைவுக்குப் பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 டேப்கள் கிடைத்தன. காலை உணவு வாங்கிய காலி அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். அதில் 1960-களில் செய்த ஒரு துணுக்கு, பல ஆண்டுகள் கழித்து வந்த டான்ஸ் மியூசிக் போலவே இருந்தது. 2008-ல் அது வெளியே தெரிந்தபோது இசை உலகமே வியந்தது.

2013-ல் 'டாக்டர் ஹூ' தொடரின் 50-வது ஆண்டு சிறப்புப் பகுதியில்தான் முதல்முறையாக டெலியாவின் பெயர் திரையில் வந்தது. 2017-ல் சொந்த ஊரான கோவென்ட்ரியின் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அந்தப் பரண் டேப்கள் இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.